பக்கத்து நாற்காலி

பகவதியம்மாளுக்கு மறதி கிடையாது, மன்னிப்பும் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்த ரெண்டும் கொஞ்சம் கம்மிதான். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

கழக்கூட்டம் என்ற ஊரில் பெரிய ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பேஸ்மென்ட்டில் எங்களுக்கு வேலை. மேலே ஆபரேஷனுக்கும் வார்டுக்கும் வேண்டிய கத்தி, கத்தரி, பஞ்சு, துணி எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்து, கிருமி இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற இடம் அது. சதா உஷ்ணம். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வராந்தாவைப் பார்த்து. காலையில் வார்டு நர்ஸ்கள் வரிசையாக வந்து தங்கள் டிரேக்களை அதன் வழியாக வாங்கிக்கொண்டு போவார்கள். நான் அங்கே டெக்னீஷியன். பேர் அஜிதா, ஊர் தக்கலைப் பக்கம். நான் வேலைக்கு மனு போட்டு அங்கே வந்தவள். பகவதியக்காவைத் தண்டனையாக அங்கே அனுப்பினார்கள்.

அதற்கு முன்னால் அவள் மேலே, ஆண்கள் வார்டில் இன்-சார்ஜ் சிஸ்டர். நாஞ்சில் நாட்டுக் குடும்பம், அப்பா காலத்திலேயே கரமனையில் வந்து குடியேறியவர்கள். வீட்டுக்காரர் வேலப்பன் அண்ணன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். "நமக்கு எதுக்கு வம்பு" என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு ஏதாவது பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் வம்புக்கு என்று பிறந்தது அக்கா ஒருத்திதான்.

நர்ஸ்கள் சம்பளத்துக்காகச் சமரம், அதாவது ஸ்டிரைக், செய்த வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது சங்கம் என்ற சொல்லை உரக்கச் சொல்ல ஆள் இல்லை. அக்காதான் ஒவ்வொரு வார்டாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். கேட்டுக்கு முன்னால் கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போலீஸ் வந்தது, மந்திரியின் ஆள் வந்தான், பாதிரியார் ஒருவர் சமாதானம் பேச வந்தார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளம் கூடியது, டியூட்டி நேரம் குறைந்தது. இந்த ரெண்டையும் எல்லோரும் கொண்டாடினார்கள். அக்கா கொண்டாடியது மூன்றாவதாகக் கிடைத்த ஒன்றை.

ஒரு நர்ஸ் பேரில் புகார் வந்து விசாரணை வைத்தால், ஆஸ்பத்திரியின் சங்கக் கிளையான யூனிட்டின் ஆள் ஒருவர் அவள் பக்கத்தில் உட்காரலாம், அவளுக்காகப் பேசலாம். அதுதான் மூன்றாவது. அதற்கு முன்பெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், டாக்டர், சூப்பிரண்டு என்று ஒரு கூட்டமே இருக்கும். இந்தப் பக்கம் ஒற்றைப் பெண் உட்கார்ந்து அழுதுகொண்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவுக்குச் சங்க வெறியே பிடித்தது.

"சம்பளம் நாளைக்கும் கூடும், குறையும். அந்த நாற்காலி போச்சுன்னா பின்னே வராது," என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

யூனிட் செயலாளராக அவள் தேர்ந்தெடுத்து உட்கார வைத்தது ஜெயகுமாரை. களியக்காவிளையிலிருந்து வந்த பையன், அவள் வார்டிலேயே நர்ஸ். வேலையில் சுமார்தான், வாயில் கெட்டி. மலையாளத்தில் மேடையேறினால் கைதட்டல் வாங்காமல் இறங்கமாட்டான். தமிழ்ப் பையன், நம்ம பையன் என்று அக்காவுக்கு ஒரு பெருமை. தன் வீட்டுச் சோற்றை அவனுக்கு டிபன் பாக்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். ஊட்டி வளர்த்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் அவளைக் கை கழுவியது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நர்ஸ்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சங்க வேலையாக யாராவது டியூட்டியின் நடுவில் வெளியே போகவேண்டி வந்தால், அவர் பொறுப்பிலுள்ள கட்டில்களைக் கூட இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கேயும் எழுதுவதில்லை, மேலே சொல்வதுமில்லை. சங்கத்துக்காகத்தானே என்று எல்லோரும் செய்வார்கள். சட்டப்படி தப்பு. தெரிந்தேதான் செய்தார்கள். அந்த வழக்கத்தை உண்டாக்கியதும் அக்காதான்.

ஒரு சாயங்காலம் ஜெயகுமார் வார்டில் வந்து அவள் காதருகில் குனிந்தான். தம்பானூரில் ஒரு லாட்ஜ் ஹாலில் மாவட்டக் கமிட்டி கூடுகிறது. "அக்கா, எனக்க வரிசையை ஒண்ணு பாத்துக்கிடுங்க. போனதும் வந்ததுமா இருக்கும்," என்றான். போனான். அன்று வார்டில் ஏற்கெனவே ஆள் குறைவு. அவன் வரிசையில் இருந்த ஒரு வயசாளி, பாத்ரூம் போகக் கட்டிலிலிருந்து தானாக இறங்கி, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அக்கா அப்போது எதிர் வரிசையில் ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வயசாளியின் பிள்ளைகள் வந்து ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கினார்கள். அவர்களை அடக்க நிர்வாகத்துக்கு ஒரு தலை வேண்டியிருந்தது.

விசாரணை அன்று அக்கா இஸ்திரி போட்ட யூனிஃபாரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் போராடி வாங்கிய அதே நாற்காலி. முதல் தடவையாக அவளுக்கே அது வேண்டியிருந்தது. ஜெயகுமார் வருவான், வந்து, "அந்தக் கட்டில் என் பொறுப்பு, சங்க வேலையாக நான்தான் வெளியே போனேன்" என்று சொல்வான் என்று நம்பியிருந்தாள். நம்பாமல் என்ன? அவளாக இருந்தால் அதைத்தானே செய்திருப்பாள்.

அவன் வரவில்லை. போன் அணைத்து வைத்திருந்தது.

விசாரித்தவர் எச்.ஆர். மேனேஜர் கல்யாணராமன். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, "யூனிட்லேர்ந்து யாரும் வரக் காணோமே, பகவதியம்மா. ஆரம்பிச்சுடலாமோ?" என்றார். பிறகு, அந்தக் கட்டில் யார் பொறுப்பு என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஆனால் சங்கச் செயலாளரே டியூட்டியை விட்டு ஓடினான் என்று நிர்வாகத்தின் மேஜையில் சொன்னால், யூனிட் அன்றைக்கே செத்துப்போகும். அக்கா அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்க பொறுப்புதான்" என்றாள்.

இன்-சார்ஜ் பதவி போயிற்று. நோயாளிகளைத் தொடக்கூடாது என்று பேஸ்மென்ட்டுக்கு இறக்கினார்கள். வாழ்நாள் முழுக்க நாடி பிடித்த கை, எங்களோடு கத்தரி எண்ண ஆரம்பித்தது. மறுநாள் ஜெயகுமார் போன் செய்தானாம், கொல்லத்தில் அவசரக் கூட்டம், மேலிடத்து உத்தரவு, தட்ட முடியவில்லை என்று. கொஞ்ச மாதத்தில் அந்த ஆண்கள் வார்டுக்கு இன்-சார்ஜ் ஆனான். யார் இடத்தில் என்று நான் சொல்ல வேண்டுமா?

அக்கா பேஸ்மென்ட்டுக்கு வந்த முதல் வாரம் பச்சைக் கவுனை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சங்கத்துல இருந்து மொதல்ல ராஜினாமா செய்யுங்க அக்கா," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஏன் போகணும்? நான் இருப்பேன். மத்தவங்க எல்லாம் போவாங்க."

அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிந்தது சங்கத்தில் உறுப்பினர் புதுப்பிக்கிற மாதம் வந்தபோது. காலையில் டிரே வாங்க ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொரு நர்ஸிடமும் அக்கா ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சங்கத்தை விடு என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. ஜெயகுமார் பேரை எடுத்ததேயில்லை. டிரேயை நீட்டுவாள். அந்தப் பெண் வாங்கப் போகும்போது பிடியை விடாமல் கேட்பாள்.

"நாளைக்கு உனக்க பேருல ஒண்ணு வந்தா, பக்கத்துல யாருட்டி இருப்பா?"

மலையாளப் பிள்ளைகளிடம் மலையாளத்தில் கேட்பாள். கேட்டுவிட்டு டிரேயை விட்டுவிடுவாள். அவ்வளவுதான். அவள் கதை அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தைப் பெற்றெடுத்தவள் பக்கத்திலேயே ஆள் இல்லை என்றால், தன் பக்கத்தில் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று அந்தப் பெண் மாடிப்படி ஏறும்போது யோசிப்பாள். மேலே போவதற்குள் முடிவு எடுத்திருப்பாள்.

சங்கத்துக்கு ஏற்கெனவே நல்ல காலம் இல்லை. இப்போதைய பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெர்மன் கிளாஸுக்கும் சேர்ந்துவிடுகிறார்கள். டியூட்டி முடிந்தால் தூங்கி வழிந்துகொண்டு ஆன்லைனில் பாடம். ரெண்டு வருஷம் அனுபவம் கிடைத்ததும் விமானம் ஏறுகிறவளுக்கு இங்கே சங்கம் எதற்கு, மாநாடு எதற்கு? வாசலில் நின்றவர்களை அக்கா லேசாகத் தள்ளிவிட்டாள், அவ்வளவுதான்.

யூனிட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. யாராவது வெளியேறினால் அதில் பேர் போட்டு வருமல்லவா, அதைப் பார்ப்பதுதான் அக்காவுக்குக் காலைக் காப்பி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படிப்பாள். "ஐ.சி.யூ.காரி போயாச்சு. லேபர் ரூம்காரியும் போயாச்சு." நானும் கூட நின்று ரசிப்பேன். வெட்கமெல்லாம் இல்லை. வேண்டியதுதான் அவனுக்கு என்று எனக்கு வயிறு குளிர்ந்தது.

நிர்வாகம் இதற்கு ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஒருநாள் கல்யாணராமன் ஏதோ இயந்திரத்தைப் பார்வையிட பேஸ்மென்ட்டுக்கு வந்தவர், போகும்போது ஜன்னலருகில் நின்று சிரித்தார். "பகவதியம்மா, உங்களுக்குத்தான் தாங்க்ஸ் சொல்லணும்னு மேலே எல்லாரும் பேசிக்கறா." அக்காவும் சிரித்தாள். அவர் சிரித்த சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் கண்ணில் ஜெயகுமார் ஒருத்தன்தான் இருந்தான்.

கடைசிவரை போகாமல் நின்றது ஆதிரா. சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், ஜெயகுமாரின் வார்டில் வேலை. ஜெர்மன் கிளாஸுக்குப் போகாத ஒரே பிள்ளை. அப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், விட்டுவிட்டு எங்கே போவாள்? அக்காவுக்கு அவள்மேல் தனிப் பிரியம். ஆனால் கேள்வியை அவளிடமும் கேட்டாள்.

ஆதிரா டிரேயை வாங்காமல் நின்று பதில் சொன்னாள். "சேச்சி, சங்கம்னா அயாளு மட்டும் அல்லல்லோ. நிங்ஙள்தானே உண்டாக்கினது? ஒராளுக்கு வேண்டி எல்லாத்தையும் களயணுமா?" ஜெயகுமார் ஒருத்தனுக்காக மொத்தச் சங்கத்தையும் தூக்கி எறிவதா என்கிறாள்.

அக்காவின் முகம் இறுகிவிட்டது. "நான் உண்டாக்குனது எனக்கே ஒதவல மக்களே. உனக்கா ஒதவப் போவுது?"

பிறகு பல காலைகள் இதே பேச்சு. ஆதிரா வாதாடுவாள், அக்கா விடமாட்டாள். கடைசியில் ஒருநாள் அந்தப் பெண் போனை எடுத்து ஜன்னல் முன்னால் வைத்தே குழுவிலிருந்து வெளியேறினாள். "எனக்கு மனசில்ல. சேச்சி பறஞ்சதினால போறேன்," என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

அதோடு எங்கள் ஆஸ்பத்திரியில் சங்க உறுப்பினர் ரெண்டே பேர். ஒருத்தன் ஜெயகுமார், இன்னொருத்தி பகவதியம்மாள்.

அக்கா ஏன் சங்கத்தை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்பது அந்த வருஷம் மாநில மாநாட்டுக்கு முன்னால்தான் எனக்கு விளங்கியது. ஜெயகுமார் மாநிலத் தலைவர் பதவிக்கு நிற்கப் போவதாகப் பேச்சு. அந்தச் சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு மரபு. தலைவருக்கு நிற்கிறவர் பேரை எந்த மாவட்டத்துக்காரரும் சொல்லலாம். ஆனால் அதை வழிமொழிவது அவருடைய சொந்த யூனிட் ஆளாகத்தான் இருக்கவேண்டும். அதுவும் சபையில் நேரில் எழுந்து நின்று. கூட வேலை செய்கிறவர்களே நம்பாத ஆள் மாநிலத்தை ஆளக்கூடாது என்று பெரியவர்கள் வைத்த மரபு.

அவன் யூனிட்டில் எழுந்து நிற்க அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஜெயகுமார் பேஸ்மென்ட்டுக்கு வந்தான். அக்கா கீழே இறங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் படியில் கால் வைக்காதவன், கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஜன்னலில் வந்து தலை நீட்டினான்.

"பகவதியக்கா, சொகம்தானா?"

"சூடு கொஞ்சம் கூடுதல்," என்றாள் அக்கா.

அவன் சுற்றி வளைத்தான். சங்கம் தேய்ந்து போகிறது, பிள்ளைகளுக்குப் பற்று இல்லை, மேலே போனால்தான் ஏதாவது செய்யமுடியும் என்றெல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான். "அக்கா ஒண்ணு எழுந்து நின்னா மதி. ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அக்கா பொட்டலத்தைத் தொடவில்லை. "ஜெயா, ஒண்ணு கேக்கேன். அண்ணைக்கு நீ ஏன் வரல?"

இந்தக் கேள்வியை அவள் அவனிடம் அதுவரை கேட்டதில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "அது சங்கத்துக்க காரியம் அல்லவா அக்கா. கொல்லத்துல அவசரக் கூட்டம். மேலிடத்துல இருந்து பறஞ்சா நம்மால தட்ட முடியுமா? அக்காவுக்குத் தெரியாததா?"

கட்டில் என்னுடையது, தப்பு என்னுடையது என்று அந்த நிமிஷத்தில் அவன் சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா எழுந்து நின்றிருப்பாள். அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் மறுபடியும் கொல்லத்தையே சொன்னான்.

"சரி, வாறேன்," என்றாள்.

மாநாடு தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்து ஹாலில். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் நர்ஸும் இல்லை, சங்கமும் இல்லை. வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் உட்கார இடம் கிடைக்காமல் படியில் நிற்பார்களாம். அன்று பின்பாதி ஹால் பூராவும் காலி. யாராவது வந்து நாற்காலியை நிரப்பினால் போதும் என்றிருந்தார்கள். மேடையில் தட்டி மட்டும் பழைய அளவில் பெரிதாக இருந்தது.

அக்கா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். முன்வரிசையில் ஜெயகுமாரின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். அவன் எல்லோரிடமும் அவளைக் காட்டிக் காட்டிப் பேசினான். எங்க பகவதியக்கா, யூனிட்டை உண்டாக்கின ஆளு. அவன் சட்டை பளபளவென்று இருந்தது. அவன் மனைவி திவ்யலட்சுமி வீடியோ எடுக்க நடுவழியில் போனோடு தயாராக நின்றாள்.

கோட்டயத்துக்காரர் ஒருவர் எழுந்து அவன் பேரை முன்மொழிந்தார். கைதட்டினார்கள். தலைமை தாங்கிய அம்மாள் மைக்கில், "பின்தாங்குன்னது ஆரு?" என்று கேட்டார். வழிமொழிவது யார் என்று.

அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெயகுமார் சிரித்த முகத்தோடு அவள் பக்கம் திரும்பினான். காது கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, "அக்கா," என்று மெல்லக் கூப்பிட்டான். அவள் நேரே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் இன்னொரு தடவை கேட்டார். "அக்கா, எழுந்திரிங்க," என்றான், இப்போது குரலில் அழுகை. பின்னால் யாரோ சிரித்தார்கள். திவ்யலட்சுமி போனைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் அக்கா திரும்பி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அந்த உடம்பு அத்தனை நாள் பேஸ்மென்ட்டில் வெந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது, சுற்றிலும் ஆள் இருக்கையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பேர் தள்ளுபடி ஆயிற்று.

வெளியே வந்து இந்தியன் காப்பி ஹவுஸில் மசால் தோசை சாப்பிட்டோம். அக்கா ரெண்டு சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஜெயகுமார் அந்த மாதமே சங்கத்தை விட்டு விலகினான். ஒற்றை ஆளை வைத்து யூனிட் நடத்த முடியாதென்று மாவட்டத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் சங்கம் என்று ஒன்று இல்லாமல் போனது. சங்கம்தான் போயிற்றே தவிர ஜெயகுமார் வார்டு இன்-சார்ஜாகவே இருந்தான். அவனுக்கும் மறதி கிடையாது என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அவன் வார்டில் இருந்தது ஆதிரா. அக்காவுக்கு அவள்மேல் உயிர் என்பது அவனுக்கும் தெரியும்.

ஒருநாள் ஒரு பெண் டியூட்டிக்கு வராமல் போக, ரெண்டு வரிசையையும் நீயே பார் என்று ஆதிராவிடம் அவன் சொல்லியிருக்கிறான். பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு நோயாளிக்கு டிரிப் ஊசி நரம்பைவிட்டு விலகி, மருந்து சதையில் இறங்கி, கை வீங்கிக் கொப்பளித்துவிட்டது. ரெண்டு வரிசையையும் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஜெயகுமார் எழுதிக் கொடுத்தான். விசாரணை வைத்தார்கள்.

ஆதிரா ஜன்னலுக்கு ஓடி வந்தாள். அவள் பேசவே வேண்டியிருக்கவில்லை. அக்கா பச்சைக் கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு, "வா மக்களே, நான் இருக்கேன்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

அதே அறை, அதே மேஜை. அந்தப் பக்கம் நிறைய ஆள், ஜெயகுமாரும் ஓரத்தில். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். அக்கா சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆதிராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணராமன் குரலை உயர்த்தவில்லை. "பகவதியம்மா, நீங்கோ எந்த அமைப்போட சார்பா வந்திருக்கேள்?"

"இவளுக்காக வந்திருக்கேன்."

"அது சரி. ஆனா உடன்படிக்கையில யூனிட் பிரதிநிதின்னுதானே இருக்கு. நீங்கதானே அப்போ சண்டை போட்டு வாங்கினேள், உங்களுக்குத் தெரியாததா? இப்போ யூனிட்டே இல்லையே."

அக்கா மேஜைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஜெயகுமார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பானூர் ஹாலில் அவள் பார்த்தாளே, அதே பார்வை. கடன் வைக்காமல் திருப்பிக் கொடுத்தான் பாவி.

"வெளியே இருங்கோ, ப்ளீஸ்," என்றார் கல்யாணராமன்.

அவள் ஸ்டூலை எடுத்து மறுபடி சுவரோரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கதவு சாத்தினார்கள். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆதிராவின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஆதிராவுக்கு வேலை போய்விட்டது. சர்ட்டிபிகேட்டில் நல்லபடியாக ஒரு வரி எழுதித் தருவார்களா என்பதுகூடச் சந்தேகம். அது இல்லாமல் வேறு ஆஸ்பத்திரி எடுக்காது. அப்பாவின் டயாலிசிஸுக்கு இனி என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுதும்போதும் ஜெயகுமார் மேல் எனக்கு இம்மிகூட இரக்கம் இல்லை. தம்பானூரில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு குளிரத்தான் செய்கிறது. அக்காவும் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் ஆதிரா கடைசி நாள் வந்து நின்றதை நினைக்கும்போது எனக்கு அந்தத் தோசை தொண்டையில் திரும்ப வருகிறது.

வார்டு டிரேக்களை ஒப்படைத்துவிட்டுப் போக வந்திருந்தாள். யூனிஃபாரம் இல்லை, சாதாரணச் சுடிதார். ஜன்னல் வழியாக டிரேயை நீட்டினாள். அக்கா வாங்கக் கை நீட்டியபோது, அந்தப் பெண் பிடியை விடவில்லை.

"சேச்சி," என்றாள். அழவில்லை. கண் சிவந்து, கல் மாதிரி இருந்தாள். "எனக்கு ஒண்ணு வந்துது. பக்கத்துல யாரு இருந்தா?"

கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள். அக்கா டிரேயின் மறு ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் வரிசையில் நின்ற நர்ஸ்கள் எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.